செலின் அக்காவின் பிரெஞ்சு வகுப்பு

செய்தி வந்தபோது நான் யாங்கோனை ஒட்டிய தன்லியின் ஆற்றுப்பாலத்தின் மேல், பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். காலை எட்டு மணி இருக்கும். எங்கள் அலுவலகத்தின் பழைய வண்டியோட்டி கோ மின் கைப்பேசியில் அழுதான். "அண்ணே, சயாமா போயிட்டாங்க. வார்டு ஆபீஸ் வாசல்ல குண்டு. எதிர்க்கடையில காலை டிபனுக்கு மொஹிங்கா வாங்க நின்னாங்களாம்." சயாமா என்றால் இந்த ஊரில் ஆசிரியை. செலின் அக்காவை அவன் அப்படித்தான் அழைப்பான். யார் வைத்த குண்டு என்று கேட்டேன். "தெரியலண்ணே. ஆளுக்கொண்ணு சொல்றாங்க" என்றான்.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். யாங்கோனின் போட்டாதாங் பகுதியில் பிறந்து அங்கேயே வாழ்ந்த கத்தோலிக்கத் தமிழர் அவர். மடத்துப் பள்ளியில் ஒரு வயதான கன்னியாஸ்திரியிடம் பிரெஞ்சு கற்றார். இருபது வருடம் நாங்கள் ஒரே சுற்றுலா அலுவலகத்தில் வேலை பார்த்தோம். வண்டியும் ஓட்டல் அறையும் என் பொறுப்பு. பிரான்சிலிருந்து வருகிறவர்களுக்கு யாங்கோனைச் சுற்றிக்காட்டுவது அவர் பொறுப்பு.

ஒருமுறை படகுத்துறையில் ஒரு பிரெஞ்சுக்காரர், தன் கால்மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டதற்காக சைக்கா என்ற சைக்கிள் ரிக்ஷா ஓட்டி ஒருவரைக் கன்னத்தில் அறைந்தார். அக்கா குடையை என்னிடம் கொடுத்தார். நேரே போய் அந்த வெள்ளைக்காரரை அதேபோல அறைந்தார். பிறகு குடையை வாங்கிக்கொண்டு, அந்தத் தெருவின் பழைய கட்டடங்களைப் பற்றி விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். முதலாளி கூப்பிட்டு விசாரித்தபோது, "என் ஊரைப் பார்க்க வந்தவங்க பார்க்கட்டும் சார். அடிக்கிறதுக்கு டிக்கெட் வாங்கலையே" என்றார். வேலை போகாதது அதிசயம்தான்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த பின் பயணிகள் நின்றுபோனார்கள். அலுவலகத்தை மூடினார்கள். அக்கா தன் தொழிலைத் திருப்பிப் போட்டார். இங்கிருந்து பாரீசுக்குப் போகிறவர்களுக்குத் தன் வீட்டு மாடியில் வகுப்பு நடத்தினார். கடைக்குள் நுழைந்தால் முதலில் போன்ஷூர் என்று வணக்கம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் எதுவும் கிடைக்காது. ரொட்டியைத் தட்டில் அல்ல, மேசைத் துணிமேல் வைக்க வேண்டும். கையை மடியில் ஒளிக்கக் கூடாது. எந்தப் பாலத்தில் நின்றால் பாரீசின் பெரிய மாதா கோயிலின் பின்பக்கம் அழகாகத் தெரியும் என்பதுவரை சொல்லிக்கொடுப்பார். அவர் பாரீசைப் பார்த்ததே இல்லை. வேலை இல்லாத நானும் கடைசி வரிசையில் போய் உட்காருவேன்.

ஒரு மதியம் கீழே துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ஊர்வலத்தை விரட்டுகிறார்கள் என்று புரிந்தது. மாடிப்படியில் ஓடிவந்தவர்கள் மூன்று பேர்: இரண்டு பெண்கள், ஓர் இளைஞன். அக்கா ஒன்றும் விசாரிக்கவில்லை. "உட்காருங்க. நோட்டை எடுங்க" என்றார். மாணவர்களுக்கு நடுவே அவர்களைப் பிரித்து உட்காரவைத்தார். அன்று பாடம், உணவகத்தில் சாப்பாடு கேட்பது எப்படி என்பது.

கதவை உடைத்துக்கொண்டு ராணுவம் வந்தது. எல்லோரும் கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டோம்.

"என்ன நடக்குது இங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"பாரீஸ் போறவங்களுக்குப் பாடம்" என்றார் அக்கா.

"போய் என்ன பண்ணுவாங்க?"

"சாப்பிடுவாங்க. சுத்திப் பார்ப்பாங்க."

அதிகாரி இளைஞனைக் காட்டினார். "நீ சொல்லு. ரொட்டி வேணும்னு எப்படிக் கேப்ப?"

அவன் வாய் திறந்தது, சொல் வரவில்லை. ஒரு சிப்பாய் அவன் தலைமுடியைப் பிடித்துத் தரையில் மோதினான். அக்கா குறுக்கே பாய்ந்து அவன்மேல் கவிழ்ந்தார். துப்பாக்கியின் கட்டை அவர் தாடையில் விழுந்த சத்தம், காய்ந்த மூங்கில் பிளப்பதுபோல இருந்தது. இரண்டாவது அடியில் பல் தெறித்தது. மற்றவர்களை விட்டுவிட்டு, இளைஞனை மட்டும் காலைப் பிடித்துப் படி வழியே இழுத்துப் போனார்கள். ஒவ்வொரு படியிலும் அவன் தலை இடித்தது. மறுநாள் அவன் தாயிடம் உடலைக் கொடுத்தார்கள். முகத்தைத் திறக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

நான் நாலடி தூரத்தில் இருந்தேன். நடந்ததில் பாதியைக் காதால்தான் அறிவேன்.

தாடையைக் கம்பியால் கட்டியிருந்த நாட்களில் அக்கா காகிதத்தில் எழுதித்தான் பேசினார். "ரெண்டு பேரைக் காப்பாத்திட்டீங்க அக்கா" என்றேன். "அப்படி யார்கிட்டயும் சொல்லாதே. ஒருத்தனைப் பறிகொடுத்தேன்னு சொல்லு" என்று எழுதினார். நான் உட்கார்ந்தே இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் எழுதினார்: "பயந்தது தப்பில்ல முத்து. நீ தலையைத் தூக்கவே இல்லையே, அதுதான்." நான்கு மாதம் கழித்து மறுபடி வகுப்பு தொடங்கியது. அவருடைய பிரெஞ்சு உச்சரிப்பு போய்விட்டிருந்தது. "என்னைக் கேக்காதீங்க, ரெக்கார்டைக் கேளுங்க" என்று சொல்லிப் பதிவை ஓடவிடுவார்.

அன்று தப்பிய பெண்களில் மா எய் இப்போது பாரீசில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறாள். அக்கா இறந்த செய்தி கேட்டு அழைத்தாள். "அங்கிள், குண்டு வெச்சது ராணுவத்தை எதிர்க்கிற நம்ம ஆளுங்களா?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். "அப்படி இருந்தா நான் என்ன பண்றது?" என்றாள். போனை வைக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

கல்லறைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் சவவண்டியை நிறுத்தினார்கள். பெட்டியைத் திற என்றான் ஒரு சிப்பாய். குண்டு சிதைத்த உடல் அது. அவருடைய தங்கை கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சினார். சிப்பாய் துப்பாக்கி முனையால் மாலைகளைத் தள்ளிவிட்டு, மூடியின் இடுக்கில் அதை நுழைத்தான். நான் துப்பாக்கிக் குழாயைப் பிடித்தேன். அவன் முகத்தை நேராகப் பார்த்து, "மூடியிருக்கட்டும்" என்றேன். அவன் துப்பாக்கியைப் பிடுங்கி அதன் கட்டையால் என் தோளில் அடித்தான். விழுந்தேன். எழுந்து மறுபடி பெட்டிக்கு முன்னால் நின்றேன். பின்னாலிருந்து ஓர் அதிகாரி என்ன நினைத்தாரோ, போகச் சொன்னார்.

பெட்டி திறக்கப்படாமலே மண்ணுக்குள் போனது. என் தோள் எலும்பில் விரிசல் என்று மருத்துவர் சொன்னார். மழை வந்தால் வலிக்குமாம். செலின் அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த வலிதான்.