நடுவில் வைத்த தட்டு

சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர்களின் கால்வலிக்குத் தைலம் உண்டு, ‘இவ்வளவுதானா?’ என்ற கேள்விக்குத்தான் எந்தத் தைலமும் இல்லை. நீங்களும் என்றாவது நாலு பேருக்குப் பரிமாறியிருந்தால் நான் சொல்வது புரியும்.

சென்னையில் ஒரு பெரிய ஹோட்டல் அடுப்படியில் எட்டு வருஷம் வெந்தபிறகு, நானும் நண்பன் சுதாகரும் தஞ்சாவூரில் ஒரு குறுக்குத் தெருவில் கடை போட்டோம். ஆறு மேஜை. மீல்ஸ் கிடையாது, இலை கிடையாது. எல்லாம் சின்னச் சின்னத் தட்டு. மேஜைக்கு நடுவில் வைப்போம். கூட வந்தவர்கள் பகிர்ந்து சாப்பிட வேண்டும். இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டுக் கூட்டம் வந்தது. கூடவே கட்டிடக்காரரின் சேதியும் வந்தது. ஒரே தட்டில் ஆளாளுக்குக் கைவிடுவது நம் பக்கத்துக்கு ஒத்துவராதாம். மீல்ஸ் போட்டால் வாடகை அக்ரிமென்டைப் புதுப்பிப்பாராம், இல்லையென்றால் யோசிப்பாராம். சுதாகர் அன்றே இலைக்கட்டு விசாரிக்கக் கிளம்பினான். நான் வண்டிச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

இலை எப்போ?

பூதலூரிலிருந்து ஒரு விவசாயி குடும்பத்தோடு வந்தார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் போனில் சொல்லி அனுப்பிய கடையாம். வாழைப்பூ வடை, விரால் வறுவல், கவுனி அரிசிப் பணியாரம் என்று ஏழு தட்டு போயிற்று. ஐந்து பேரும் ரசித்துத்தான் சாப்பிட்டார்கள். பிறகு கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். அவர் முகமெல்லாம் மலர்ச்சியாகச் சொன்னார்:

“சாம்பிள் எல்லாம் பிரமாதம்மா. இப்ப இலையைப் போடச் சொல்லுங்க.”

கரண்டி

ஒன்றாகப் படித்த ஐந்து பேர், இருபது வருஷம் கழித்துச் சேர்ந்து சாப்பிட வந்தார்கள். அதில் ஒருவர் மட்டும் தனக்குத் தனியாக ஒரு தட்டு கேட்டார். எச்சிலாகிவிடுமாம். நியாயம்தான் என்று ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கரண்டி போட்டேன். அப்போதும் அவருக்கு மனசு வரவில்லை. ஒரு தட்டைத் தன் பக்கமாக இழுத்து, கையால் அணை கட்டிக்கொண்டார். கரண்டி போட்டும் தீராத எச்சில் என்ன எச்சிலோ, எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய நண்பரே முந்திக்கொண்டார்:

“ஹாஸ்டல்ல என் டிபன் பாக்ஸ்ல இருந்த முட்டையைப் பாதி கடிச்சுட்டு மீதியை வெச்சியே, அப்ப எங்கடா போச்சு உன் எச்சில்?”

எந்தத் தெரு?

அக்ரிமென்ட் முடிய ஒரு வாரம் இருந்தபோது கட்டிடக்காரரே சாப்பிட வந்தார். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நிலபுலன் உள்ளவர். கூட அவர் ஊர்க்காரர் ஒருவரும் வந்தார், சின்ன வயசு சிநேகிதராம். இன்று ஒருநாள் மட்டும் தனித்தனியாகப் பரிமாறிவிடு, அந்த வயல் நண்டை மெனுவிலிருந்து எடுத்துவிடு என்று சுதாகர் அடுப்படியில் என்னிடம் கெஞ்சினான். நான் நண்டைத்தான் முதலில் கொண்டுபோய் இருவருக்கும் நடுவில் வைத்தேன்.

கட்டிடக்காரர் எனக்கு எந்த ஊர் என்றார். சொன்னேன். அங்கே எந்தத் தெரு என்றார். அந்தக் கேள்வி எதற்கென்று உங்களுக்குத் தெரியும். சென்னையில் யாராவது கேட்டால் ‘பஸ் ஸ்டாண்டு பக்கம்’ என்று மழுப்புவேன். அப்படி மழுப்பிய நாளையெல்லாம் நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அன்று காலனித் தெரு என்று ஆறு மேஜைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அவர் நண்டைப் பார்த்தார். “இது நம்ம ஆளுங்க திங்கிறதாச்சே” என்றார். ‘ஆளுங்க’ என்றால் எங்கள் பக்கத்தில் வயலில் கூலிக்கு இறங்குகிறவர்கள். என் அம்மா இருபது வருஷம் அப்படி ஒரு ஆளாக நடவு நட்டவர். சுதாகர் அடுப்படி வாசலில் நின்று வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். நான் சொல்லிவிட்டேன்:

“ஆமாங்க, ஆளுங்க திங்கிறதுதான். ஆளுங்கதான் சமைச்சிருக்கோம். சாப்பிடுங்க.”

வாயும் வாய்க்காலும்

கட்டிடக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய சிநேகிதர் ஒரு நண்டை எடுத்தார். ஓட்டைப் பிரித்து, காலை ஒவ்வொன்றாக ஒடித்து, பல்லில் கடித்து உறிஞ்சிய லாவகத்தைப் பார்த்து நானே அசந்துவிட்டேன். இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கட்டிடக்காரர் முகம் சுளித்தார். சிநேகிதர் அடுத்த நண்டைத் தட்டில் தேடிக்கொண்டே பதில் சொன்னார்:

“உங்க வயல்லதான்யா. நடவாளுங்க சுட்டுக் குடுத்தாங்க, நீயும்தான் தின்ன. அப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு வாய்க்கால்ல இறங்கி மூணு தடவ வாயைக் கழுவுனியே, மறந்துபோச்சா?”

பார்சல்

அக்ரிமென்ட் புதுப்பிக்கப்படவில்லை. சுதாகர் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் ரயிலடிப் பக்கம் ஒரு பழைய அச்சகக் கட்டிடத்தைப் பார்த்துவிட்டு வந்தான். ஆறு மேஜைக்கு இடமில்லை, நாலுதான். போகட்டும் என்றேன்.

புதுக் கடை திறந்த வாரம் ஒரு போன். ஸ்பீக்கரில் கேட்ட குரல் தெரிந்ததுதான், பழைய கட்டிடக்காரர். நண்டு இரண்டு தட்டு பார்சல் வேண்டுமாம், பேர் எழுத வேண்டாமாம், டிரைவரை அனுப்புகிறாராம். போனை எடுத்தது சுதாகர். நான் கையை நீட்டினேன், தரவில்லை. பழைய கட்டிடத்தையே திரும்பக் கேட்டுவிடுவானோ என்று பயந்தேன். அவன் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினான்:

“நண்டுக்குப் பார்சல் கிடையாதுங்க. வாங்க, வந்து உக்காருங்க, நடுவுல வெக்கிறோம்.”

ஆக, நாங்கள் காலி செய்தது கட்டிடத்தை மட்டும்தான். தட்டு நடுவிலிருந்து ஒரு விரற்கடைகூட நகரவில்லை.