அம்புக்குறி ஸ்டிக்கர்

கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போய் மன அமைதிக்கு வகுப்பெடுக்கச் சொன்னார்கள் என்றால், ஆளுக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. வேலம்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. அங்கே ஹாஸ்டலில் தங்கித் தைக்கும் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. நான் குன்னத்தூர்க்காரி. தபாலில் மனோதத்துவம் படித்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி மேனேஜர் ஒளிவுமறைவு இல்லாத மனிதர். "நம்ம பனியன வாங்கற வெளிநாட்டுப் பையருங்க கேக்கறாங்க மேடம். புள்ளைங்களுக்கு மனசைப் பத்தி நாலு வார்த்தை சொல்லிப்போடுங்க. போட்டோ மட்டும் மறக்காம எடுத்துக்கோணுங்க" என்றார்.

முதல் நாள் சாப்பாட்டு ஹாலில் உட்கார வைத்து, "எப்படி இருக்கீங்க? மனசுல எது இருந்தாலும் சொல்லலாம்" என்றேன். முன்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "குடிக்க நல்ல தண்ணி இருக்குங்க மேடம். பாத்ரூம் சுத்தமா இருக்குங்க. சூப்பர்வைசர் யாரையும் திட்டறதில்லீங்க. தீ புடிச்சா எந்த வழியா ஓடணும்னு தெரியுங்க." உட்கார்ந்துவிட்டாள். அடுத்தவள் எழுந்து ஒரு வார்த்தை மாறாமல் அதையே சொன்னாள். மூன்றாமவளும் அப்படியே. தொழிலாளர்களைச் சரியாக நடத்துகிறார்களா என்று பார்க்கப் பையர்கள் அனுப்பும் ஆடிட்டர்கள் வருவதற்கு முன்னால் மனப்பாடம் செய்ய வைத்திருந்த பதில் அது. வெளியாள் யார் வந்து எப்படி இருக்கீங்க என்றாலும் அவர்களுக்கு அது ஆடிட்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடப் பாவிகளா, நான் ஆடிட்டர் இல்லை!" என்று கத்தினேன். மனநல வகுப்பில் கத்திய முதல் வாத்தியார் நானாகத்தான் இருப்பேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எல்லா ஆடிட்டரும் அப்படித்தான் சொல்லுவாங்க மேடம்" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

அடுத்தடுத்த வாரங்களும் இதே கதைதான். நான் கரும்பலகையில் 'மன அழுத்தம்' என்று எழுதுவேன், அவர்கள் தண்ணீர் நன்றாக இருப்பதாகச் சொல்வார்கள். ஒரு ஞாயிறு வெறுத்துப்போய்ச் செக்கிங் பிரிவுக்குள் நுழைந்து, அம்புக்குறி ஸ்டிக்கர் ஒரு ரோல் எடுத்து வந்தேன். தைத்த பனியனில் தையல் விட்டிருந்தாலோ ஓட்டை இருந்தாலோ செக்கிங் பெண்கள் அந்த இடத்தில் ஒட்டுகிற ஸ்டிக்கர் அது. கழித்துப்போட்ட வெள்ளை டி-சர்ட் ஒன்றைச் சுவரில் மாட்டினேன். "வாயைத் திறக்க வேண்டாம் தாயிகளா. மனசு சரியில்லாதப்ப உடம்புல எங்க பிடிச்சு இழுக்குதோ, அங்க ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்க. போதும்."

ஒட்டினார்கள். வயிற்றில், தோளில், நெஞ்சுக்கு நேராக. "ஏய், எனக்கும் அங்கதான்டி" என்று ஒருத்தி கத்த, சிரிப்பு கிளம்பியது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

ஓவர்லாக் மெஷினில் தைக்கும் ஒருத்தி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, கழுத்தில் ஒன்றும் நெஞ்சில் இரண்டும் ஒட்டினாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு திரும்பி வந்து, தன் ஸ்டிக்கர்களை மட்டும் நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா எடுக்கறே?"

"ஸ்டிக்கர் ஒட்டுன பீஸ லைன்ல வைக்க மாட்டாவ டீச்சர். கழிச்சிருவாவ."

அதற்குப் பிறகுதான் பேசினாள். மணிக்கொரு முறை சூப்பர்வைசர் பீஸ் எண்ண வரும்போது கை சில்லிட்டுப் போகும், மூச்சு அடைக்கும், செத்துப்போவோம் என்று தோன்றும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வார்டனுக்குத் தெரியும், வார்டன் அப்பாவுக்குப் போன் போடுவார். "ஊருக்குப் போனா எங்க மாமனுக்குக் கட்டி வச்சிருவாவ. அவரு தலையெல்லாம் நரைச்சிட்டு டீச்சர்."

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இதயத்தில் கோளாறு இல்லை, இது பதற்ற நோய், பயிற்சி செய்தால் சரியாகும் என்றார் டாக்டர். நான் அவளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். குதிகாலைத் தரையில் அழுத்து. மூக்கால் இழு. சூடான டீயை ஊதுகிற மாதிரி வாயால் மெதுவாக விடு. அடுத்த வகுப்பில் எல்லோருக்குமே அதைச் சொல்லிக்கொடுத்தேன். கொஞ்ச நாளில் "டீ ஊதியாச்சாடி?" என்று லைனில் கேலி பேசுகிற அளவுக்கு அது பழகிவிட்டது. ஆனால் சூப்பர்வைசரிடம் சொல்லி மெஷினை நிறுத்திக்கொள் என்று நான் எவ்வளவு சொல்லியும் அவள் கேட்கவில்லை. "செக்கிங்ல ஸ்டிக்கர் ஒட்டுனா கழிக்கவா செய்யறாங்க? முக்கால்வாசி திரும்ப மெஷினுக்கு வந்து, சரிபண்ணி, அதே பெட்டியிலதான்டி போகுது!" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு நிஜமாகவே ஆடிட் வந்தது. ஆடிட்டர் அம்மா சில பேரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாராம். இவளும் போயிருக்கிறாள். தண்ணீர் நல்லா இருக்கு என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, "எனக்கு மூச்சு அடைக்கும் மேடம். அப்ப ரெண்டு நிமிசம் மெஷின நிறுத்த விடணும்" என்று சொல்லிவிட்டாள்.

அது மேனேஜர் காதுக்குப் போய், மறுநாள் என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க மேடம், இப்படிப் பண்ணிப்போட்டீங்களே? நோவுக்காரப் புள்ளைய எப்படீங்க வெச்சுக்கறது? அப்பனை வரச் சொல்லிட்டமுங்க." அந்த மரியாதையான குரல்தான் என்னை இன்னும் கிளறிவிட்டது. "மனசுல இருக்கறதைச் சொல்லச் சொல்லத்தானே என்னைக் கூப்பிட்டீங்க? சொன்னா அனுப்பிருவீங்களா? அப்ப போட்டோவுக்கு மட்டுமாங்க நான்?" என்று மேசையைத் தட்டிவிட்டேன். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. என் பேச்சைக் கேட்டல்லவா அவள் வாயைத் திறந்தாள்?

அப்பா வந்தார். ஒல்லியான மனிதர். மகளின் சாமான்களை அள்ளிப்போக ஒரு பெரிய காலிப் பை கையில் இருந்தது. மேனேஜர் அறையில் அவள் அவருக்கு எதிரே நின்றாள். குதிகாலை அழுத்துவதைப் பார்த்தேன். மெதுவாக ஊதினாள்.

"எனக்குப் பயம் வருதுப்பா. மூச்சு அடைக்கும். பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல. டாக்டர் பாத்துட்டாவ. இந்தா, இப்பக்கூட வந்துச்சு, போயிட்டு. நான் ஊருக்கு வரல."

அவர் பையைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இவ அம்மைக்கும் இப்படித்தான் வரும் டீச்சர். நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு உக்காந்துருவா. பேயின்னு சொல்லி, கோயில்ல வச்சு வேப்பங்குழையால அடிச்சோம். நானும் அடிச்சேன்." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "இப்பவும் வருது அவளுக்கு. சத்தங்காட்டாம அடுக்களையில போயி உக்காந்துக்கிடுதா."

மேனேஜர் கனைத்துக்கொண்டு, "ரெண்டு நிமிசந்தானுங்களே. சூப்பர்வைசர்கிட்ட நான் சொல்லிக்கறனுங்க. புள்ள இருக்கட்டும்" என்றார்.

அப்பா காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எழுந்தவர் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். "அந்த மூச்சு விடுதத எனக்கு ஒருக்க காட்டுங்க டீச்சர். போயி அவளுக்குச் சொல்லணும்."

என் வாய்க்கு வேலை வைக்காமல் மகளே அவரை நாற்காலியில் உட்கார வைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகாலைத் தரையில் அழுத்தச் சொன்னாள். அவர் மூச்சை இழுத்து, அடுப்பை ஊதுகிற வேகத்தில் புஸ்ஸென்று விட்டார்.

"டீ சிந்திரும்ப்பா" என்றாள் அவள். "மெதுவா."