மேசை மேல் வெள்ளை சாட்டின்

எங்கள் அப்பா சவப்பெட்டி செய்தவர். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. 'பெட்டி' என்போம். யாராவது துருவிக் கேட்டால் 'மர வேலை' என்போம். அக்காவைப் பெண் பார்க்க வரவிருந்தவர்களிடம் தரகரும் அப்படித்தான் சொல்லியிருந்தார். மர வேலை, சொந்தப் பட்டறை, கௌரவமான குடும்பம்.

வீடு ஈஜிபுராவில், மாடியில் ஒன்றரை அறை. பட்டறை கல்லறைத் தோட்டத்துக்குப் பின்தெருவில். அப்பா செய்கிற பெட்டிகளைச் சவ வண்டி வைத்திருக்கும் கடைக்காரர்கள் எடுத்துப் போவார்கள். செத்தவர் வீட்டுக்காரர்கள் அப்பாவைப் பார்த்ததே இல்லை. பெட்டிக்குள் வெள்ளை சாட்டின் ஒட்டி, விளிம்பு முழுக்கச் சுருக்கம் வைத்து ஃப்ரில் அடிக்க வேண்டும். அது அம்மாவின் வேலையாக இருந்தது. அம்மாவுக்குக் கழுத்து வலி வந்ததும் பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் அடித்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. தலைமாட்டு மூலைகளில் சாட்டினை முறுக்கி, ஐந்து இதழ் வைத்து ஒவ்வொரு ரோஜா செய்வேன். மாதாவின் நிறம் என்று நடுவில் நீல நூலால் ஒரு தையல் போடுவேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. துணி வீண் என்று அப்பா முதலில் திட்டினார். கடைக்காரர்கள் 'அந்தப் பூ வெச்ச பெட்டி' என்று கேட்டு வாங்க ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை வீடு கன்டோன்மென்ட் பக்கம். பையனுக்கு பொம்மசந்திராவில் சூப்பர்வைசர் வேலை. அவருடைய அம்மா டீச்சர். அவருடைய அப்பா போன வருஷம் தவக்காலத்தில் இறந்துவிட்டார். வருஷப் பூசை முடிந்த கையோடு பெண் தேடினார்கள். அக்காவுக்கு இதற்கு முன் இரண்டு இடம் வந்து, பட்டறையைப் பற்றித் தெரிந்ததும் நின்றுபோயிருந்தது. இந்தப் பையனை அவள் கோயில் திருவிழாவில் பார்த்திருக்கிறாள். பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அந்த இரண்டு வாரமும் பாத்திரம் கழுவும்போதுகூடப் பாடினாள்.

"அவுங்க டேபிள்லதான் சாப்பிடுவாங்க" என்று தரகர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து வீடு வீடாக இல்லை. எங்களிடம் மேசை கிடையாது. அப்பா பட்டறையிலிருந்து பிளைவுட் பலகை ஒன்றையும் இரண்டு ஸ்டாண்டுகளையும் தூக்கி வந்தார்.

"ஐயோ, இது பெட்டி வைக்கிற ஸ்டாண்டு" என்றாள் அம்மா.

"துணி போட்டு மூடிட்டா எல்லாம் மேசைதான்டி."

அக்கா வேலை செய்த பியூட்டி பார்லரில் ஆங்கிலப் பத்திரிகைகள் கிடக்கும். அதிலிருந்து நான்கு பக்கம் கிழித்து வந்து என்னிடம் கொடுத்தாள். விருந்து மேசையை வீட்டில் இருக்கும் பொருளைக் கொண்டு அலங்கரிப்பது எப்படி என்று படம் படமாக இருந்தது. "நீதான் கைவேலைக்காரியாச்சே. இதே மாதிரி பண்ணிடுடி, ப்ளீஸ்" என்றாள். அக்கா என்னிடம் ப்ளீஸ் சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் செய்தேன். ஜாம் பாட்டில்களுக்குச் சணல் கயிறு சுற்றி உள்ளே மெழுகுவர்த்தி வைத்தேன். தெருவில் விழுந்து கிடந்த குல்மோகர் காய்களைப் பொறுக்கி, பெட்டியின் கைப்பிடிக்கு அடிக்கும் சில்வர் பெயிண்டை அடித்தேன். பழைய கண்ணாடி வளையல்களுக்கு ரிப்பன் சுற்றி, கை துடைக்கும் துணியை விசிறி மடிப்பாக மடித்துச் செருகினேன். படத்தில் மேசை நடுவில் நீளமாக ஒரு வெள்ளைத் துணி ஓடியது, பளபளவென்று. அந்தத் துணி எங்களிடம் ரோல் ரோலாக இருந்தது; கை துடைக்கும் விசிறிகளும் அதில் வெட்டியவைதான்.

அம்மா தயங்கினாள். அப்பா தயங்கவில்லை. "கல்யாண கவுனுக்கும் இதே சாட்டின்தான். துணியில பேரா எழுதியிருக்கு?"

அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் பூசைக்குப் போனபோது, மேசை வேலை பாக்கி என்று நான் மட்டும் வீட்டில் இருந்தேன். துணி மொட்டையாக இருப்பதுபோலப் பட்டது. சுற்றிலும் ஃப்ரில் அடித்தேன். நான்கு மூலையிலும் நான்கு ரோஜா வைத்தேன். நீல நூல் உட்பட. அம்மா திரும்பி வந்து பார்த்ததும் கையை வாயில் வைத்துக்கொண்டாள். அதைப் பிரிக்க நேரம் இல்லை. கீழே ஆட்டோ வந்து நின்றுவிட்டது.

வந்தது மூன்று பேர். பையன், டீச்சர், டீச்சரின் தம்பி. பையன் நல்லவராகத்தான் தெரிந்தார். மாமாக்காரர் உள்ளே நுழைந்ததுமே சத்தம்.

"அடேங்கப்பா! என்னங்க இது, ஸ்டார் ஓட்டல் மாதிரி இருக்கு! பில்லு குடுத்துடுவீங்களோ?"

அப்பா சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கட்லெட் வந்தது, கேக் வந்தது. மாமா கட்லெட் தின்று, என் விசிறியை உதறி விரித்துக் கையைத் துடைத்தார். சாட்டின் எண்ணெயை எங்கே உறிஞ்சும்? கை முழுக்க இழுத்துப் பூசிக்கொண்டார்.

டீச்சர் எதையும் தொடவில்லை. மேசை மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை நீட்டி ரோஜாவின் நடுவில் இருந்த நீலத் தையலைத் தொட்டார்.

"இதை யாரு பண்ணது?"

"ரெடிமேடுங்க" என்றார் அப்பா சட்டென்று. "சிவாஜிநகர்ல விக்குது."

நான் கதவோரம் நின்றிருந்தேன். காலை முழுக்க ஊசி குத்திய விரல் எனக்கு. ரெடிமேடாம்.

"பொய்! நான்தான் பண்ணேன். எல்லாப் பெட்டிக்கும் நான்தான் பண்றேன்."

காபித் தட்டோடு வந்த அக்கா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எந்தப் பெட்டிக்கு?" என்றார் மாமா. அவர் கையிலிருந்த துணியைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். துணியைக் கீழே போட்டார்.

டீச்சர் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "போன வருஷம் தவக்காலத்துல... அப்பவும் நீதானா கண்ணு?"

"எப்பவும் நான்தான்."

"எழுந்திரிக்கா, போலாம்" என்றார் மாமா. "மர வேலையாம் மர வேலை! சாவுத் துணியில சோறு போடறாங்க. சே!"

அம்மா அழுதுகொண்டே டீச்சரின் முன்னால் போய் நின்றாள். "புதுத் துணி டீச்சர். மாதா மேல ஆணையா புதுத் துணி. யாருக்கும் போட்டது இல்ல."

"தெரியும்மா" என்றார் டீச்சர். அவர் கண்ணும் நனைந்திருந்தது. என் வேலை அவ்வளவு மோசமா என்று நினைத்தேன். எழுந்தவர் மறுபடியும் அந்த மூலையைத் தொட்டார். "இதுல ஒரு துண்டு மட்டும் எனக்குக் குடுப்பீங்களா?"

அப்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கத்தரியை நான்தான் கொண்டுவந்தேன். காலை முழுக்கச் செய்த வேலையை வெட்டச் சொல்கிறாரே என்று எனக்கு ஆத்திரம். வேண்டுமென்றே கோணலாக வெட்டினேன். ரோஜாவில் ஒரு இதழ் போய்விட்டது. "போதும் கண்ணு" என்றார். கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கினார். பையன் அக்காவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் அம்மாவின் பின்னால் போனார்.

அவர்கள் போனதும் அப்பா என்னை அடித்தார். "அத்தாட்சி எடுத்துட்டுப் போறாடி அந்தம்மா! கோயில் பூரா காட்டிச் சிரிக்கப் போறா!" அம்மா தடுக்கவில்லை. நானும் அதையே நம்பினேன். அடுத்த வாரம் தரகர் வந்து, பையனுக்கு இப்போது கல்யாணம் வேண்டாமாம் என்று சொன்னபோது எல்லோருக்கும் அது உறுதியாகிவிட்டது. அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேசியபோது, "உன் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள். பிற்பாடு அவளுக்குப் பீன்யாவில் வேலை செய்கிற ஒருவரோடு கல்யாணம் நடந்தது. நன்றாகவே இருக்கிறாள். ஆனால் அதன்பிறகு அவள் பாத்திரம் கழுவும்போது பாடி நான் கேட்டதில்லை.

எனக்கு எல்லோர் மேலும் கோபம் இருந்தது. இன்னும் இருக்கிறது. அப்பா மேல் அதிகம். ஊரில் எல்லோருக்கும் ஒரு நாள் அவர் வேலை தேவைப்படும். அதைச் செய்ய வெட்கப்படாதவர், சொல்ல வெட்கப்பட்டார். மாமாக்காரர் மேலும் கோபம்தான். ஆனால் ரொம்ப வருஷம் நான் மனதுக்குள் வைத்துத் திட்டியது டீச்சரைத்தான். கோயில் வாசலில் நின்று அந்தத் துண்டை நாலு பேருக்குக் காட்டுகிற மாதிரி அவரைக் கற்பனை செய்வேன். கல்யாணத்தை முறித்துவிட்டு ஞாபகப் பொருளும் எடுத்துப் போன பொம்பளை என்பேன். யாரும் அப்படி எதையும் காட்டியதாக எங்கள் காதுக்கு வரவே இல்லை என்பதை யோசித்துப் பார்க்கவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அப்பா போனார். பட்டறை அதற்கு முன்பே மூடியிருந்தது. பெட்டி கடையிலிருந்து வந்தது. காலையிலிருந்து மாலை வரைக்கும் நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்கார்ந்தால் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கொஞ்ச நேரம் பார்க்கலாம், அப்புறம் கண் தானாகப் பக்கத்தில் போகும். பக்கத்தில் இருப்பது துணிதான். அதன் ஒவ்வொரு சுருக்கமும் எனக்கு இப்போதும் மனப்பாடம்.

பதினோரு வயதுக்குள் நான் நூற்றுக்கணக்கில் பெட்டிகளுக்குத் தைத்திருந்தேன். ஒன்றின் பக்கத்திலும் உட்கார்ந்ததில்லை. டீச்சர் யாருடைய தலைமாட்டில் உட்கார்ந்து அந்தப் பூவைப் பார்த்திருந்தார் என்று தெரிந்திருந்தால் அன்றைக்குக் கத்தரியை நேராகப் பிடித்திருப்பேன்.