லேத்தைச் சுற்றி எழுப்பிய சுவர்

எங்கள் வீட்டில் பட்ஜெட் அன்று யாரும் பேசக்கூடாது. மண்ணூர்பேட்டையில் மற்ற வீட்டு ரேடியோக்கள் பாடிக்கொண்டிருக்க, என் கணவர் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு ராணுவத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று கேட்பார். ஆவடியில் இருந்த அரசுத் தொழிற்சாலைக்கு இரும்பு உருளை கடைந்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. டெல்லியில் செலவு செய்தால் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும்.

தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்காக எங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டு கொடுத்த நஷ்ட ஈட்டில்தான் பட்டறையே தொடங்கினோம். போர் வந்தது, ஆர்டர் குவிந்தது. வந்ததையெல்லாம் போட்டு, இரும்பு கடைய ஒரு பெரிய லேத் மெஷின் வாங்கினார். ஷெட் கட்டி முடிக்கும்வரை பொறுக்கவில்லை. தகரக் கூரையின் கீழே மெஷினை இறக்கி வேலையை ஆரம்பித்துவிட்டு, சுற்றிலும் சுவரைப் பிறகு எழுப்பினார். ஒரு ஆள் நுழையும் அளவுக்குத்தான் கதவு.

"நாளிக்கி இத்த வெளிய எடுக்கணும்னா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு எடுக்கணும்மே? கெவுருமெண்டு ஆர்டரு. நிக்கவே நிக்காது."

அந்த மிதப்பில், பம்ப்செட் சாமான் கேட்டு வந்த கம்பெனிக்காரரையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

போர் முடிந்து சில வருஷங்களில் ஆர்டர் நின்றது. நிதி ஒதுக்கீடு இல்லையாம், காத்திருக்க வேண்டுமாம். பம்ப் வேலைக்கு மாறலாமென்று பாங்கில் கடன் கேட்டார். இருக்கும் பணத்தையெல்லாம் அரசாங்கமே கடனாக எடுத்துக்கொள்கிறது, உங்களுக்கு எங்கே கொடுப்பது என்று மானேஜர் கையை விரித்தார். போன பக்கமெல்லாம் அதே அரசாங்கம்தான் வழியை மறித்தது.

லேத்தை விற்றுவிட்டு எஸ்டேட்டில் மாதச் சம்பளத்துக்குப் போகச் சொல்லி நச்சரித்தேன். கடைசியில் அவர் சம்மதித்தார். வாங்குகிறவர் லாரியோடு வந்தார். கொத்தனார் சுவரை இடித்தார். செங்கல் விழ விழ உள்ளே வெயில் பாய்ந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மெஷினுக்குக் கயிறு கட்டும்போது ஆவடியிலிருந்து ஆள் வந்தார். ஆர்டர் வந்திருக்கிறது, மூன்று மாத வேலை. அதற்குப் பிறகு என்ன என்று அவருக்கும் தெரியவில்லை.

என் கணவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. லாரி காலியாகத் திரும்பிப் போனது. சாயங்காலமே கொத்தனார் சாந்து குழைத்தார்.

"கதவயாவது பெருசா வெக்கச் சொல்லு," என்றேன்.

"இன்னாத்துக்கு?" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. "அதான் ஆர்டரு வந்துகீதே. கல்ல எடுத்துக் குடு."

நான் அழுதுகொண்டே ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கொடுத்தேன்.