அக்கா பார்த்த பிறை

பொருட்காட்சின்னா இப்ப உள்ள பிள்ளைகளுக்கு ஒரு பொருட்டே இல்லை. பஸ் ஏறி எங்கெங்கேயோ போறாங்க, தண்ணிக்குள்ள விழுறாங்க, தலைகீழாச் சுத்துறாங்க, சாயங்காலம் வீட்டுக்கு வந்து "போரடிச்சுது"ங்கிறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஐம்பதுகள்ல, நான் சின்னப்பிள்ளையா இருந்தப்ப, திண்டுக்கல்ல வருசத்துக்கு ஒரு தடவை கோடையில மலையடிவாரத்து மைதானத்துல பொருட்காட்சி போடுவாங்க. அதுல ஒரே ஒரு வியாழக்கிழமை, மத்தியானத்துல இருந்து அந்தி வரைக்கும், பொம்பளைகளுக்கு மட்டும். பார்க்க வர்ற ஆம்பளை எவனும் அன்னைக்கு உள்ள நுழைய முடியாது. எங்களை மாதிரி முஸ்லிம் வீட்டுப் பொம்பளைகளுக்கு வருசம் பூராவும் வாய்ச்ச தமாஷா அந்த அரை நாள்தான்.

வீட்ல நாங்க நாலு பேர். அத்தாவுக்குப் பச்சைத்தோல் வாங்கி, பதனிடுற தோல் ஷாப்புகளுக்குப் போடுற யாவாரம். அப்புறம் அம்மா, என்னைவிட ஏழு வயசு மூத்த அக்கா, கடைசியா வாயாடி நான். பொருட்காட்சியில ஆளுக்கு ஒரு கிறுக்கு. பாம்பு உடம்பும் பொண்ணு தலையுமா ஒரு கூடாரத்துல வச்சிருப்பாங்களே, எனக்கு அதுதான். மத்த பிள்ளைக பயந்து ஓரமா நிக்கும். நான் முன்னால போய் "நீ எப்படிக் குளிப்பே, எப்படிச் சோறு தின்பே"ன்னு கேட்டு, அம்மாகிட்ட முதுகுல வாங்கியிருக்கேன். அம்மாவுக்குக் கண்ணாடிக் கூடாரம். வீட்ல அம்மா சிரிக்கிறதே அபூர்வம். அங்க போய், ஒரு கண்ணாடியில குட்டைப் பூசணியாவும் இன்னொண்ணுல ஒட்டடைக்குச்சியாவும் தன்னைப் பார்த்ததும், மேல போர்த்தின துப்பட்டியை வாயில அடைச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாங்க. ஒல்லிக் கண்ணாடியைக் காட்டி, "உங்கத்தாவைக் கட்டிக்கிட்டு வந்தப்ப நான் இப்படித்தான் இருந்தேன்"னு வருசா வருசம் அதையே சொல்லுவாங்க.

அக்காவுக்கு ராட்டினம். ஆயில் இன்ஜின் வச்சுச் சுத்துற பெரிய ராட்டினம். உள்ள நுழைஞ்சதும் எங்களையெல்லாம் விட்டுட்டு நேரா அங்கதான் ஓடும். முதல் ஆளா ஏறணும் அதுக்கு. ஏன்னா, முதல்ல ஏறுன ஆளோட தொட்டி, கீழ மத்தவங்க ஒவ்வொருத்தரா ஏற ஏற, கொஞ்சம் கொஞ்சமா மேல போய் உச்சியில செத்த நேரம் நிக்கும். அந்தச் செத்த நேரந்தான் அக்காவுக்கு வேணும். சுத்துறதெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

நானும் கூட ஏறுவேன், கண்ணை இறுக்கி மூடிக்குவேன். அக்கா மட்டும் எட்டி எட்டிப் பார்க்கும். "அந்தா பாரு, நம்ம வீட்டு மாடி. அந்தா தெரியுது பாரு, அதுதான் தாடிக்கொம்புக்குப் போற ரோடு. அந்தாண்ட சிறுமலை." சமைஞ்சதோட பள்ளிக்கூடத்தை நிறுத்தினதுக்கு அப்புறம் அக்கா தெருவையே பார்த்ததில்லை. எங்க போனாலும் திரை கட்டின குதிரை வண்டி, அதுக்குள்ள துப்பட்டி. பிறந்து வளர்ந்த ஊரு எந்தப் பக்கம் எப்படிப் போகுதுன்னு அது தெரிஞ்சுக்கிட்டது ராட்டினத்து உச்சியில இருந்துதான். ஒரு தடவை "நம்ம ஊரு இம்புட்டுப் பெருசாடி"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு. நான் வாந்தி வருதுன்னேன்.

அத்தா வெளிய வண்டியோட நிப்பாங்க. மத்த நாள்ல ஆம்பளைகளோட போய்ப் பார்க்கலாம், போகமாட்டாங்க. அவங்களுக்குப் பிடிச்சது, நாங்க வெளிய வந்ததும் வண்டியில ஏறி உக்காந்து ஆளுக்கு ஆள் முந்திக்கிட்டுச் சொல்றதைக் கேக்கிறதுதான். முன்னால வண்டிக்காரர் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, திரும்பாமலே "ம், அப்புறம்", "ம், அப்புறம்"னு கேட்டுக்கிட்டே வருவாங்க.

அக்காவுக்குப் பதினேழு நடக்கிறப்ப வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமத்துல சம்பந்தம் முடிவாச்சு. பெருநாள் கழிஞ்சு கல்யாணம். பொண்ணு பார்க்க வந்த மாமியார்க்காரி, "எங்க வீட்டுப் பொம்பளைக வாசப்படி தாண்டுறதில்லை"ன்னு ஏதோ பட்டம் வாங்கின மாதிரி சொல்லிட்டுப் போச்சு. எங்கம்மா அதுக்கும் தலையாட்டினாங்க. அக்கா சுவத்தோரமா நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

ஒரு நாள் அத்தா, "கல்யாணத்துக்கு உனக்கு என்னம்மா வேணும், வாய்விட்டுக் கேளு"ன்னாங்க. வளையல், காசுமாலைன்னு எதையாவது கேக்கும்னு நெனச்சிருப்பாங்க. அக்கா, "இந்த வருசம் பொருட்காட்சிக்குக் கூட்டிட்டுப் போயிருங்கத்தா. மாமியார் வீட்டுக்குப் போனா அப்புறம் நான் எங்க ராட்டினம் ஏறப்போறேன்"னு சொல்லுச்சு. அத்தா சிரிச்சுட்டு, "இம்புட்டுத்தானா? கதவு திறக்கும்போதே முதல் ஆளா உன்னைக் கொண்டுபோய் நிறுத்துறேன், போ"ன்னாங்க.

ஆனா அந்த வருசம் பொருட்காட்சி தள்ளிப்போச்சு. பெண்கள் நாள் நோன்பு மாசத்துக்கு ஒட்டி வந்து நின்னுச்சு. புதன்கிழமை சாயங்காலம் பிறை தெரிஞ்சா வியாழக்கிழமை முதல் நோன்பு. தெரியலேன்னா நோன்பு வெள்ளிக்கிழமை, வியாழன் நமக்கு. நோன்பு மாசத்துல எங்க வீட்ல தமாஷா கிடையாது. சிரிச்சுப் பேசினாலே அம்மா உதட்டுல விரலை வைப்பாங்க. அதனால அந்த வாரம் பூராவும் வீட்ல எல்லாருக்கும் வானத்து மேலதான் கண்ணு. பிறை தெரியக்கூடாதுன்னு துஆ கேக்கலாமான்னு அக்கா என்கிட்ட ரகசியமாக் கேட்டுச்சு. நான் கேட்டுட்டேன். அக்கா கேட்டுச்சான்னு தெரியாது.

புதன்கிழமை கோடை மழைக்கு மூட்டம் போட்டு மேக்கே ஒரே கருக்கலா இருந்துச்சு. எனக்குச் சந்தோஷம் தாங்கல. பள்ளிவாசல் மாடியில ஆம்பளைக எல்லாம் ஏறி நின்னு பார்த்துட்டு, ஒண்ணும் தெரியாம அந்தி மஃரிப் தொழுகைக்குக் கீழ இறங்கிட்டாங்க. மழை வந்துருமேன்னு வடகத்தை எடுக்க அக்கா மாடிக்குப் போச்சு, நானும் பின்னாலயே போனேன். நான் குனிஞ்சு வடகத்தைச் சுளகுல அள்ளிக்கிட்டு இருந்தேன். நிமிர்ந்தா, அக்கா வடகம் எடுத்த சேலைத்துணியைக் கையில சுருட்டினபடி மேக்கயே பார்த்துக்கிட்டு நிக்குது. "என்னக்கா"ன்னேன். நான் திரும்பிப் பார்த்தப்ப வெறும் மேகந்தான். "ஒண்ணுமில்ல, கீழ வா"ன்னு சொல்லிட்டு முன்னால இறங்கிப் போயிருச்சு.

தொழுதுட்டு அத்தா வந்தாங்க. முகமெல்லாம் சிரிப்பு. "பிறை இல்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்து இன்னும் செத்த நேரம் பார்ப்போம்னு உக்காந்திருக்காங்க, ஆனா இனி எங்க தெரியப்போகுது. துப்பட்டி எல்லாம் எடுத்து வைங்க, நாளைக்கு வண்டிக்குச் சொல்லிட்டேன்." அம்மாவுக்கும் வாயெல்லாம் பல்லு. நான் குதிச்சேன். அக்கா மட்டும் அடுப்பங்கரை நிலைக்கால்ல சாஞ்சுக்கிட்டு நின்னுச்சு.

"அத்தா, நான் பார்த்தேன்."

அத்தாவுக்கு முதல்ல புரியல. புரிஞ்சதும் நாற்காலியில உக்காந்துட்டாங்க. எங்க பார்த்தே, எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு, எவ்வளவு நேரம்னு ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. மேகம் கிழிஞ்ச எடத்துல நூல் மாதிரி தெரிஞ்சுது, மூடிக்கிச்சுன்னு அக்கா சொல்லுச்சு. "பிறைதானா? மேகத்தோட ஓரத்துல வெளிச்சம் பட்டா அப்படித்தான் தெரியும். நல்லா யோசிச்சுச் சொல்லும்மா"ன்னாங்க. அம்மா பின்னால இருந்து, "யாருமே பார்க்கல, உனக்கு மட்டும் தெரிஞ்சுதாக்கும். பேசாம இரு புள்ள"ன்னாங்க. பேசாம இருந்திருக்கலாம்தான். வீடே கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னுச்சு, அது பாட்டுக்குப் போயிருக்கலாம். அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "பிறைதான்த்தா"ன்னு சொல்லுச்சு.

எங்க வழக்கத்துல, வானம் மூட்டமா இருந்தா நோன்பு ஆரம்பிக்க ஒத்த ஆள் பார்த்ததே போதும். நேர்மையான ஆளா இருக்கணும், அவ்வளவுதான். பொம்பளையா இருந்தாலும் செல்லும். அத்தா போய்ச் சொன்னதும் ஹஜ்ரத்து ரெண்டு பெரிய மனுசங்களோட வீட்டுக்கே வந்துட்டாங்க. கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு அக்கா திரும்பவும் சொல்லுச்சு. குரல் நடுங்கல. ஹஜ்ரத்து வேற எதுவும் கேக்கல. கொஞ்ச நேரத்துல பள்ளிவாசல்ல நோன்புக்கு நகரா முரசு அடிச்சாங்க. எங்க ஊரு பூராவும், கடைக்காரங்க, தோல் ஷாப்புல வேலை பாக்கிறவங்க, அத்தனை பேரும் எங்கக்கா பேச்சை நம்பி நோன்பு வச்சாங்க. நான் மட்டும் படுக்கையில கிடந்து அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அது மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு.

அடுத்த நாள் மதுரையில நோன்பு இல்லைன்னு தெரிஞ்சுது. அங்க வெள்ளிக்கிழமைதான். தெருவுல முணுமுணுப்பு கிளம்பிருச்சு. "ஒரு பொட்டப்புள்ள பேச்சைக் கேட்டு ஊரையே பட்டினி போட்டாச்சு"ன்னு ஒருத்தர் எங்க வாசல்லயே நின்னு சொன்னாரு. அத்தா அவரோட சண்டைக்கே போயிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை பொருட்காட்சிக்குக் கடைசி நாள். நோன்பு திறந்து கஞ்சி குடிச்சுட்டு, அத்தா சட்டையை மாட்டிக்கிட்டு வந்து அக்கா முன்னால நின்னாங்க. "வாம்மா. நோன்பு திறந்தாச்சுல்ல. ஆம்பளைக் கூட்டமா இருந்தாலும் பரவாயில்ல, நான் கூட வாரேன். ஒரு தடவை ஏறிட்டு வந்துரலாம்." எங்கத்தா வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தை வரும்னு நான் கனவுலயும் நெனச்சதில்லை. அம்மாவே வாயைப் பொத்திக்கிட்டாங்க. அக்கா எந்திரிக்கல. "வேணாம்த்தா. நான் சொல்லித்தான் நோன்பு வச்சிருக்காங்க. நானே ராட்டினத்துல ஏறினா, பிறையும் பொய்தான்னு பேசுவாங்க"ன்னு சொல்லிட்டுக் கஞ்சிக் கோப்பைகளைக் கழுவப் போயிருச்சு. அத்தா சட்டையைக் கழட்டல. அப்படியே ராத்திரி தராவீஹ் தொழுகைக்குப் போயிட்டாங்க.

மாசக் கடைசியில எங்களுக்கு முப்பது நோன்பு, மதுரைக்கு இருபத்தொம்பதுன்னு ரெண்டு ஊருக்கும் ஒரே நாள்ல பெருநாள் வந்துச்சு, பேசினவங்க வாயை மூடிக்கிட்டாங்க. கல்யாணமும் நடந்துச்சு. மாமியார் சொன்ன வாக்கைக் காப்பாத்துச்சு. அடுத்தடுத்த வருசம் பெண்கள் நாளுக்கு அத்தா நேர்ல போய்க் கேட்டுப் பார்த்தாங்க. "பிள்ளைத்தாச்சிக்கு ராட்டினமா", "கைப்பிள்ளைக்காரிக்கு ராட்டினமா"ன்னு வருசத்துக்கு ஒரு சாக்கு. கேக்கிறதை அத்தா நிறுத்திட்டாங்க. எனக்கு அந்த வீட்டு மேல இன்னும் ஆத்திரம் அடங்கல. அதைவிட, அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையேங்கிற வருத்தம்.

ஆனா பிறைக் கதையை மட்டும் அத்தா விடல. சம்பந்தி வீடு, தோல் ஷாப்பு, பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவன், யார் கிடைச்சாலும், "என் மக பார்த்துத்தான் திண்டுக்கல்லே நோன்பு வச்சது. ராட்டினத்துல ஏற அம்புட்டு ஆசை. வாயைத் திறக்காம இருந்தா மறுநாள் போயிருக்கலாம். என் மக சொல்லிட்டா"ன்னு ஆரம்பிச்சுருவாங்க. சொல்லும்போது கண்ணு கலங்கும். அவங்க வாழ்க்கையில பெருமைன்னு வச்சிருந்தது அது ஒண்ணுதான்.

அறுபதுகள்ல ஒரு நோன்புக்கு முந்தின வாரம், நானும் அத்தாவும் அக்கா வீட்டுக்குச் சாமான் கொண்டுபோனோம். எனக்கும் அப்ப கல்யாணம் ஆயிருச்சு. அக்காவுக்கு நாலு பிள்ளைக. மூத்தது பொண்ணு. அத்தா பேரப்பிள்ளைகளை உக்கார வச்சு, "உங்கம்மா என்ன செஞ்சா தெரியுமா"ன்னு தொடங்கினாங்க. அந்தப் பொண்ணு வாயைப் பிளந்துக்கிட்டுக் கேட்டுச்சு. மேகம் கிழிஞ்சது, நூல் மாதிரி பிறை, எல்லாம் வந்துச்சு. அக்கா முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கையை நிறுத்தாமலே, "அத்தா, அந்தக் கதையை என் பிள்ளைககிட்டச் சொல்லாதீங்க"ன்னு சொல்லுச்சு.

"ஏம்மா? நல்ல காரியம்தான? பிள்ளைக தெரிஞ்சுக்கிட வேணாமா?"

"நல்ல காரியம்னு என் வாயால நான் சொல்லமாட்டேன்த்தா. இப்பன்னா நான் பார்த்தேன்னே சொல்லியிருக்கமாட்டேன்."

கோபமா இல்லை, அழுகையா இல்லை. உப்பு கூடிப்போச்சுன்னு சொல்ற மாதிரி சொல்லுச்சு. அத்தா அந்தப் பேத்தி தலையில வச்ச கையை எடுக்காம அப்படியே உக்காந்திருந்தாங்க. சாப்பாடு போட்டோம், சாப்பிட்டாங்க. சாயங்காலம் அசர் தொழுதுட்டுக் கிளம்பிட்டோம்.

வேடசந்தூர்ல மில் ஆளுக நெறைய ஏறி பஸ்ஸுல நிக்க எடமில்லை. எனக்கு மட்டும் உக்கார எடம் கிடைச்சுது. அத்தா கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என் பக்கத்துலயே நின்னாங்க. ஊருக்குப் பாதி தூரம் வந்ததும் குனிஞ்சு, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி சொன்னாங்க.

"மேகம்தான்னு நான் சொல்லியிருந்தா கேட்டிருப்பா. ரெண்டு தடவை கேட்டேன் பாரு, மேகம்னு அவ வாயாலயே சொல்லட்டும்னு. அதுக்குப் பதிலா நானே சொல்லியிருக்கணும்."