வாசல் தெளித்த பிறகு வருகிறவள்

நிக்கல் பூச்சு உரிந்து அடியில் பித்தளை தெரியும் ஒரு கதவுப் பிடி. என் தங்கை கணவர் வீடாக மாற்றியிருந்த பழைய வேனின் பிடி அது. தங்கை இறந்த மூன்றாம் மாதம் அவர் தொலைபேசியில் சொன்னார்: “மச்சான், சாயங்காலம் ஆனா அவ வந்து கையைப் புடிக்கிறா. கதவைத் தொட்டதும் புடிக்கிறா. நீங்க ஒரு நட வந்து பாருங்க.”

நான் மின் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மின்சாரம் தாக்கி யாராவது இறந்தால் போய்ப் பார்த்துக் காரணம் எழுதுவது என் வேலை. பெரும்பாலும் ‘கவனக்குறைவு’ என்று எழுதுவோம். செத்தவர் மறுத்துப் பேச மாட்டார் என்பது அந்தச் சொல்லின் வசதி. ஆவி என்று எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமும் கிடையாது.

அந்த வேனில் கட்டில், அடுப்பு, சின்னக் குளிர்பெட்டி, தங்கையின் முழங்கால் வலிக்காக ஒரு வெந்நீர் ஹீட்டர் எல்லாம் பொருத்தி, இருவரும் ஐந்து வருடம் கோயில் கோயிலாகச் சுற்றினார்கள். அவள் போன பிறகு மாப்பிள்ளை டவுன் வீட்டைப் பூட்டிவிட்டார். கீழக்குயில்குடிப் பக்கம் இருக்கும் தன் கடலைக் காட்டில், மோட்டார் அறையை ஒட்டி வேனை நிறுத்தி, அதிலேயே குடியிருந்தார். மோட்டாருக்கான இணைப்பிலிருந்து வண்டிக்கு மின்சாரம் இழுத்திருந்தார். அது விதிமீறல். ஓய்வு பெற்றவனுக்கு அது கண்ணில் படாது.

நான் போய் இறங்கியபோது சமணர் மலையின் நிழல் காட்டின் மேல் பாதி விழுந்திருந்தது. மாப்பிள்ளை உள்ளே போய் ஹீட்டரைப் போட்டார். அவள் குளிக்கும் நேரமாம். பிறகு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, படிக்கு முன்னால் தரையில் தெளித்தார். அந்தி விளக்கு வைக்கும் முன் அவள் செய்துவந்த வேலை அது. ஈரத்தில் வெறுங்காலோடு நின்று பிடியைப் பற்றினார். அவர் முகம் மெல்ல இளகியதைப் பார்த்தேன்.

நானும் போய்த் தொட்டேன். ஒன்றும் இல்லை.

“செருப்போட தொட்டா வருவாளா? செருப்புக் காலோட வாசப்படி ஏறுனா என்னைய என்ன பேச்சுப் பேசுவா! அண்ணன்னா மட்டும் விட்டுருவாளாக்கும்?” என்றார்.

அந்தச் செருப்புப் பேச்சில் எனக்கு முழு வழக்கும் விளங்கிவிட்டது. டெஸ்டரைப் பிடியில் வைத்தேன், எரிந்தது. மண்ணில் ஒரு கம்பியை அறைந்து, அதற்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். முள் ஏறி நின்றது. உள்ளே ஒவ்வொன்றாக அணைத்தேன். விசிறி, விளக்கு, குளிர்பெட்டி எதற்கும் முள் அசையவில்லை. ஹீட்டரின் பிளக்கை உருவியதும் விழுந்தது. ஹீட்டரின் கம்பிச்சுருள் உறை விரிசல் விட்டு, மின்சாரம் தகர உடம்பெங்கும் கசிந்திருந்தது. கசிவை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டிய எர்த் என்ன ஆனது? மோட்டார் அறைக்குப் போய் வண்டியின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். மூன்றாவது முளையை ரம்பத்தால் அறுத்திருந்தார்.

“சாக்கெட்டோட மேல் ஓட்டைக்குள்ள குளவி கூடு கட்டியிருக்கு மச்சான். கலைச்சா பாவம்னு உங்க தங்கச்சி சொல்லுவா. அதான் முளைய வெட்டிட்டேன்.”

எத்தனையோ விபத்துகளுக்குக் காரணம் எழுதியிருக்கிறேன். குளவியின் மேல் இரக்கம் என்பதை அங்கேதான் முதலில் பார்த்தேன்.

அவரை உட்காரவைத்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப இதைச் சரிபண்ணிட்டா வரமாட்டா?”

“மாப்ள, இப்ப ஒரு வாளித் தண்ணிக்கே இம்புட்டு இழுக்குது. ஐப்பசி மழையில காடு முழுக்க நனையும். அப்பக் கையோட விடாது, ஆளையே கொண்டுபோயிரும்.”

“கொண்டுபோகட்டுமே” என்றார், காபி வேண்டுமா என்று கேட்கிற குரலில்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். “ஒரே ஒரு தடவ செருப்பக் கழட்டிட்டுத் தொடுங்க. அப்புறம் என்னமும் பண்ணிக்கங்க. நான் தடுக்கல.”

சந்தேகமுள்ள உலோகத்தைத் தொடவே கூடாது என்பது விதி. தொட்டே தீர வேண்டும் என்றால் புறங்கையால் தொட வேண்டும். உள்ளங்கையால் தொட்டால் விரல்கள் தாமாக மடங்கிப் பிடித்துக்கொள்ளும். இதை நூற்றுக்கணக்கான லைன்மேன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். வண்டியின் பிளக்கையும் ஹீட்டர் பிளக்கையும் மறுபடி செருகினேன். செருப்பைக் கழற்றி ஈரத்தில் நின்று, உள்ளங்கையால் பிடித்தேன்.

விரல் நுனியில் தொடங்கி மணிக்கட்டு வரை ஒரு நடுக்கம் ஏறியது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் தங்கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். காய்ச்சலில் அவள் கை விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அதே நடுக்கம், அதே இடத்தில். எந்தக் கருவி எங்கே கசிகிறது என்று தெரிந்தவன் நான். உடனே கையை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மாப்பிள்ளை மோட்டார் அறைக்கு ஓடிப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் என் தோளைப் பற்றி இழுத்தார். சாகத் தயாராக இருந்த மனிதர் என்னைச் சாக விடவில்லை.

மறுநாள் குழி வெட்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு முறைப்படி எர்த் செய்தேன். ஹீட்டரை மாற்றினேன். குளவிக்கூட்டைத் தொடாமல் பக்கத்தில் புதிய சாக்கெட் வைத்தேன். மாலையில் மாப்பிள்ளை வாசல் தெளித்துவிட்டுப் பிடியைப் பற்றினார். நெடுநேரம் பற்றியபடி நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“மணவறையில அவ கையப் புடிச்சு எங்கிட்டக் குடுத்ததும் நீங்கதான் மச்சான்.”

தரையில் ஈரம் காயும் வரை நாங்கள் இருவரும் உள்ளே போகவில்லை.

இரண்டு ஐப்பசி போய்விட்டது. போன மழையில் அந்தக் காட்டில் கணுக்கால் தண்ணீர் நின்றது. மழை விட்டதும் அவரிடமிருந்து போன் வரும்: “உசுரோடதான் இருக்கேன் மச்சான், உங்க புண்ணியத்துல.” அது நன்றியா ஏச்சா என்று நான் கேட்பதில்லை.

ஆனையூரில் என் வீட்டின் மின்வேலை முழுவதையும் நானே முன்னின்று செய்வித்தேன். சில மாலைகளில், முற்றம் கழுவி ஈரமாக இருக்கும்போது, செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் மோட்டாரின் இரும்பு உடம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் தெரிவதில்லை. விதிப்படி அப்படித்தான் இருக்க வேண்டும்.