பதினோராவது பதிவு

பேருந்தில் யாராவது செல்பேசியில் பேச ஆரம்பித்தால் போதும், காதக்காவின் தலை தானாக அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். ஊர்வம்பு அவளுக்கு வேண்டாம். பேச்சு எந்த இடத்தில் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குத் தாவுகிறது என்பதுதான் வேண்டும். எண்ணும்போது தமிழ், மேலாளரைத் திட்டும்போது வேறு மொழி, மன்னிப்புக் கேட்கும்போது மூன்றாவது மொழி. இந்த மும்முரத்தில் வாரத்துக்கு ஒருநாளாவது இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விடும். செருப்புத் தேயத் திரும்பி நடப்பாள்.

வயது நாற்பத்து நான்கு. பகலில் மருந்துக்கடையில் வேலை, மாலையில் பன்மொழியியல் முதுகலை வகுப்பு. உடன் படிப்பவர்கள் அவள் வயதில் பாதி; அவர்கள் வைத்த பெயர்தான் காதக்கா.

"வீட்ல வாயத் தொறக்கவே பயமா இருக்குங்க. அந்த வார்த்தைய ஏன் அந்த மொழியில சொன்னீங்கன்னு கேக்கறா. உப்பு கம்மின்னு எந்த மொழியில சொன்னா என்ன?" என்பார் கணவர்.

"எந்த மொழியில சொன்னாலும் நீங்கதான் எழுந்து போட்டுக்கணும்" என்பாள் இவள்.

டாக்டர் சொன்னதாக வாடிக்கையாளர் சொல்வது ஒன்று, சீட்டில் இருப்பது வேறொன்று. கடையில் பதினாறு வருடம் இதைப் பார்த்துச் சலித்த பிறகுதான் படிப்பில் சேர்ந்தாள். டாக்டரின் மொழி தெரியாத நோயாளிக்கு வீட்டு மனிதர்களே மொழிபெயர்க்கும்போது என்ன நடக்கிறது என்பது அவளுடைய ஆய்வு. அனுமதி வாங்கி, டாக்டர் அறையின் மூலையில் உட்கார்ந்து, பன்னிரண்டு உரையாடல்களைப் பதிவு செய்ய வேண்டும்.

"செவுத்துக்குக் காது இருக்கலாம், வாய் இருக்கக் கூடாது. நீங்க அங்க செவுரு. ஞாபகம் வச்சுக்குங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார் பேராசிரியை. பத்துப் பதிவுகள் வரை சுவர் சுவராகவே இருந்தது.

பதினோராவதாக ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய்க்கு ஐம்பது இருக்கும். மகள் அலுவலக அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருந்தாள். வெளியாள் ஒருவரை மொழிபெயர்க்க வைத்துக்கொள்ளலாம் என்று செவிலி சொன்னதற்கு, "எதுக்கு? என் பொண்ணு இருக்கா" என்றார் தாய்.

டாக்டர் நிதானமாகவே சொன்னார். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது. கர்ப்பப்பையை முழுதாக எடுக்க வேண்டும். கட்டி எப்படிப்பட்டது என்பது எடுத்துச் சோதித்த பிறகுதான் தெரியும். மகள் தாயின் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணுமில்லம்மா. அது வந்து... உள்ள கொஞ்சம் சுத்தம் பண்ணணுமாம். வந்து, சின்ன வேலைதானாம். வந்து, ஒரு கையெழுத்துப் போட்டுடு."

தப்பாகப் புரிந்துகொண்டு சொன்ன மொழிபெயர்ப்புகளைக் காதக்கா நிறையக் கேட்டிருக்கிறாள். இது புரிந்துகொண்டு சொன்னது. ஆய்வு என்று பார்த்தால் இரண்டு வருடம் தேடியும் கிடைக்காத புதையல். அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

டாக்டர் ஒப்புதல் தாளை நகர்த்தினார். தாய் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பேனா முனை தாளைத் தொட்டது.

காதக்கா ஒலிப்பதிவுக் கருவியை அணைத்தாள்.

"அம்மா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஏதாவது கேக்கணுமா? நீங்க சொல்றத அப்படியே சொல்றேன். அவர் சொல்றதையும் அப்படியே சொல்றேன்."

மகளின் முகம் வெளுத்தது. சொல்ல வேண்டாம், சொன்னால் அம்மா பயந்துபோய் ஆபரேஷனுக்கே வர மாட்டார் என்று டாக்டரின் மொழியில் படபடவென்று கெஞ்சினாள். அப்போதுதான் டாக்டருக்கும் விஷயம் விளங்கியது. தாளின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

தாய் யாரையும் பார்க்கவில்லை, மகளையே பார்த்தார்.

"பையை எடுக்கணுங்கறாங்களா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உண்மை சொல்றப்ப இவ வாயில 'வந்து' வராதுங்க. ஒரு மூச்சுல மூணு வந்து போட்டான்னா எதையோ முழுங்கறான்னு அர்த்தம். பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றார் காதக்காவிடம். பிறகு குரல் இறங்கியது. "கெட்ட கட்டியான்னு கேளுங்க."

காதக்கா கேட்டாள். பதிலையும் சொன்னாள். "இப்பத் தெரியாதுன்னு சொல்றார். எடுத்துச் சோதிச்சாத்தான் தெரியுமாம்." அந்தத் 'தெரியாது'வில் சர்க்கரை தடவ அவள் நாக்கு துடித்தது, தடவவில்லை. எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று தாய் கேட்டார். அதையும் கேட்டுச் சொன்னாள்.

தாய் அன்று கையெழுத்துப் போடவில்லை. நான்கு நாள் யோசித்து, ஐந்தாம் நாள் தானே வந்து போட்டார். ஆபரேஷன் முடிந்தது, கட்டி கெட்டதில்லை என்று முடிவு வந்தது. மகள் இப்போதும் அம்மாவுக்கு மருந்து வாங்க, காதக்கா வேலை செய்யும் கடைக்குத்தான் வருகிறாள். காதக்கா மருந்து கொடுக்கும் வரிசை காலியாக இருந்தாலும் அடுத்த வரிசையில் போய் நிற்பாள்.

அந்தப் பதிவு நின்ற நாளிலிருந்து மூன்று வாரம் கழித்துப் பேராசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"நீங்க குறுக்க பேசியிருக்கக் கூடாது. பதிவும் பாதியில நிக்குது. ஒண்ணு குறைஞ்சாலும் உங்க பட்டம் ஒரு பருவம் தள்ளிப் போகும், தெரியுமில்ல?" என்றவர், கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "அதுக்கப்புறம் அந்தம்மா என்னதான் சொன்னாங்க?"

கருவியை அணைத்த பின், ஆய்வுக்காக அல்லாமல் அந்தத் தாய் சொன்ன ஒவ்வொரு சொல்லும், அந்த மூன்று 'வந்து' உட்பட, காதக்காவின் காதில் அப்படியே இருந்தது.

"உங்க ஆய்வுக்கே உயிர் அதுதாங்க. ஞாபகத்துலேர்ந்து எழுதுங்க, நான் ஏத்துக்கறேன். இந்தாங்க, இப்பவே இங்கயே எழுதிடுங்க" என்று வெள்ளைத்தாளைத் தள்ளி, தன் பேனாவைத் திறந்து நீட்டினார்.

காதக்கா பேனாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மூடியைத் தேடி எடுத்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மூடி, தாளின் மேல் வைத்தாள்.